விரத வீட்டுக்கு வந்த மெத்தை

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். மெத்தை என்பது ஒரு வீட்டின் உள்ளறைச் சமாசாரம். அதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவது மரியாதையாகுமா என்று ஒரு யோசனை. இதில் பினாங்குத் தண்ணீர்மலை முருகனும் வருகிறார். அவரை மெத்தையோடு சேர்த்து எழுதினால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று இன்னொரு பயம். நான் படித்தவனும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம், அப்புறம் தொழிற்சாலை வேனின் ஸ்டியரிங். அவ்வளவுதான் என் கல்வி.

ஆனால் போன வருடம் கெப்பாலா பத்தாஸில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர், முன்பின் தெரியாதவர், என் கதையை எனக்கே சொன்னார். அவர் சொன்ன கதையில் பினாங்கில் ஒருவர் கனவில் முருகன் வந்து இன்ன கம்பெனி மெத்தை வாங்கு என்று பெயரோடு சொன்னாராம். சாம்பார் கேட்கக் கூட எனக்கு வாய் வரவில்லை. இனியும் சும்மா இருந்தால் முருகனே வேலை விட்டுவிட்டு மெத்தை விற்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் மனைவி இரண்டு வருடமாக உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். அதுதான் விஷயம்.

நாங்கள் இருப்பது ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில். ஒரு மழைநாளில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. காய்கறிப் பையோடு படியேறியவள் ஈரத்தில் வழுக்கி இடுப்பு அடிபட விழுந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள், பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், நல்ல மெத்தையாகப் பார்த்து வாங்குங்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் பழைய ஸ்பிரிங் மெத்தை நடுவில் குழி விழுந்தது. எந்த ஓரத்தில் படுத்தாலும் விடியும்போது இருவரும் குழிக்குள் வந்து சேர்ந்திருப்போம். கல்யாணமான புதிதில் அதை நாங்கள் ஒரு குறையாக நினைக்கவில்லை. இப்போது அந்தக் குழியில் படுத்தால் அவளால் எழுந்திருக்க முடியாது. அதனால் கூடத்துச் சோபாவில் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொள்வாள். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மாதிரி அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். ஒரு தடவையாவது இவள் கால் நீட்டி நிம்மதியாகத் தூங்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே ஆசை.

மெத்தைக் கடைகளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் கடையில் ஒரு சீனப் பையன், நல்ல பிள்ளை, "ஆன்ட்டி, படுத்துப் பாருங்கலா" என்றான். இவள் மெத்தையின் விளிம்பில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பசாரில் பப்பாளி அமுக்கிப் பார்க்கிற மாதிரி இரண்டு இடத்தில் அமுக்கினாள்.

"ஓகேலா" என்றாள்.

"உட்கார்ந்தா தெரியாது ஆன்ட்டி. படுங்க. ஃப்ரீதான்."

அவள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ஊரு பாக்க இங்க நீட்டிப் படுக்கவா? எதுத்த கடையில நம்ம கோயில் பொருளாளர் நிக்கிறாரு, பாருங்க."

அவர் தன் பாட்டுக்குச் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பையனின் மனம் கோணக்கூடாதே என்று அவளுக்குப் பதிலாக நான் படுத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அடுத்த கடையிலும் படுத்தேன். அங்கேயும் நன்றாக இருந்தது. மூன்றாவது கடையில் ஏதோ ஒரு நிமிடம் கண்ணசந்துவிட்டேன் போலிருக்கிறது. அவள்தான் எழுப்பினாள்.

"உங்களுக்கு வேன் மேல படுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். எந்திரிங்க" என்றாள்.

எங்கள் மகள் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள். உடம்புக்குள் போவதும் உடம்பில் படுவதும் எல்லாம் ஆர்கானிக்காக இருக்க வேண்டும் என்கிற கட்சி. அவள் போனில் ஒரு மெத்தையைக் கண்டுபிடித்து அனுப்பினாள். கடைக்கே போக வேண்டாம், படுத்துப் பார்க்க வேண்டாம், வீட்டுக்கே வரும் என்றாள். சாயங்காலம் ஸ்பீக்கரில் போட்டு மூவரும் பேசினோம்.

"ஆர்கானிக்னா என்னம்மா?" என்றேன்.

"மருந்து அடிக்காத ரப்பர் மரத்துப் பாலுப்பா. அதுல செஞ்ச மெத்தை."

"மரத்துக்கு மருந்து அடிச்சா நமக்கென்ன? மெத்தையையா திங்கப் போறோம்?" என்றாள் என் மனைவி.

"அது மேல மூச்சு விடறோம்லம்மா. இருங்க, படிக்கிறேன்." அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததை மகள் தமிழில் மாற்றி மாற்றிப் படித்தாள். அதிகாலை வெளிச்சத்தில், புன்னகையோடு மரத்துக்கு மரம் சென்று, கையால் சேகரித்த தூய பால் என்று இருந்தது.

"யாரு புன்னகையோட போனது?" என்றாள் மனைவி. அவள் பிறந்து வளர்ந்தது சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவள் அம்மா அங்கே பாலுக்கு மரம் வெட்டியவர்.

"அம்மா, அது சும்மா எழுதறதுதான்."

"எங்கம்மா கொசுவத்தியை இடுப்புல கட்டிக்கிட்டுப் போச்சு. சிரிச்சா வாய்க்குள்ள கொசு போயிரும்."

அதோடு விட்டிருக்கலாம். கம்பெனிக்காரர்கள் கேள்வி வேறு கேட்டிருந்தார்கள். படுக்கிறவர் ஒருக்களித்துப் படுப்பாரா, மல்லாந்து படுப்பாரா, குறட்டை உண்டா, கூடப் படுப்பவர் புரளுவாரா என்று.

"இதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு? பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு கேக்கல."

"எடை எவ்வளவும்மா?"

"கடைசியாப் பாத்ததைப் போடு" என்றாள் மனைவி.

"கடைசியா எப்பம்மா பாத்தீங்க?"

"உன்னைப் பெத்தப்ப."

மகள் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு எடையைப் போட்டாள். மேகம், இலை, பூமி என்று மூன்று வகை வந்தது. மேகம் மெது. பூமி கெட்டி. இலை நடுத்தரம். கம்பெனியின் கம்ப்யூட்டர் மேகம் என்றது. மனைவி பூமி என்றாள், பேரிலாவது ஒரு மரியாதை இருக்கிறதாம். கடைசியில் யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம் என்று மகள் இலையை அமுக்கினாள். இப்படித்தான் எங்கள் வீட்டில் முதுகெலும்புக்கு மெத்தை தேர்ந்தெடுத்தோம்.

எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம்தான். மெத்தை வந்த நாளிலிருந்து ஒரு மாதம் படுத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அவர்களே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். கடையில் படுக்கக் கூச்சப்படுகிற ஒரு பெண்ணுக்காகவே யாரோ யோசித்துச் செய்த மாதிரி இருந்தது. முருகா என்று கும்பிட்டேன்.

"எந்த நாள் கொண்டு வரட்டும்னு கேக்கறாங்க" என்றாள் மகள்.

மனைவி எழுந்துபோய்ச் சமையலறையிலிருந்து நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கட்டில், மெத்தை எல்லாம் நல்ல நாளில்தான் வீட்டுக்குள் வர வேண்டும். செவ்வாய் ஆகாது. அஷ்டமி வந்தது, நவமி வந்தது, ஒரு கரிநாள் வந்தது. மார்கழி பிறந்துவிட்டால் புதுச் சாமான் எதுவும் கூடாது. நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டமாகக் கழித்துக் கழித்து, கார்த்திகை மாதத்துக் கடைசி நாள், ராகுகாலம் கழிந்த பிற்பகல் என்று முடிவானது. இருவருக்கும் நிறைந்த திருப்தி. இவ்வளவு பார்த்த நாங்கள், அதற்கு மறுநாள் என்ன என்பதை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் மார்கழி முதல் தேதி. அவள் தைப்பூசத்துக்கு மாலை போடுகிற நாள்.

விழுந்த வருடமே அவள் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். முதுகுவலி தீர வேண்டும், அதற்காகத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறேன், ஒரு மண்டலம் முழுதாக விரதம் இருக்கிறேன் என்று. எங்கள் வழக்கத்தில் விரதம் என்றால் மாமிசம் கிடையாது, வெளிச்சாப்பாடு கிடையாது, விடியலில் தலைக்குக் குளியல், அப்புறம் படுக்கை தரையில். கட்டிலும் மெத்தையும் ஆகாது. பினாங்கில் சின்னப் பிள்ளைக்குக் கூட இது தெரியும். எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் மெத்தை மூளையின் ஒரு மூலையிலும் விரதம் இன்னொரு மூலையிலும் இருந்தது போலிருக்கிறது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

மெத்தை சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்தது. காற்றை உறிஞ்சிச் சுருட்டி ஒரு பெட்டிக்குள் அடக்கியிருந்தார்கள். பழையதைக் கொண்டு வந்த ஆட்களே எடுத்துக்கொண்டு போனார்கள். மகள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி தட்டில் விபூதி குங்குமத்தோடு வந்தாள். புதுக் காடி, அதாவது கார், வாங்கினால் பொட்டு வைப்பதில்லையா, அந்த மாதிரி.

"அம்மா, துணியில வைக்காதீங்க. கறை பட்டா திருப்பி எடுக்க மாட்டாங்க."

அதனால் மெத்தை வந்த அட்டைப்பெட்டிக்குப் பட்டை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டினோம். பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் மெத்தை பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தது. கூடவே ஒரு துண்டுத்தாள் இருந்தது. வாடை போகவும் விரிந்து நிற்கவும் ஒரு நாள் அப்படியே விட வேண்டும், அதற்குள் படுக்கக்கூடாது என்று. சரி, ஒரு நாள்தானே என்று விட்டோம்.

மறுநாள் கோயிலில் மாலை போட்டுக்கொண்டு வந்தாள். சாயங்கால விளக்கேற்றி, கொஞ்சம் கஞ்சி குடித்து, படுக்கையறைக்குப் போனவள் பாயை எடுத்துத் தரையில் விரித்தாள்.

"என்ன பண்றே?" என்றேன்.

"விரதம்ல" என்றாள்.

சொல்லிவிட்டுப் பாயைப் பார்த்தாள். பிறகு மெத்தையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அது புதுமாப்பிள்ளை மாதிரி வெள்ளை வெளேரென்று காத்திருந்தது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலிக்கும், அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகுவலி தீர வேண்டும் என்று வைத்த விரதம், முதுகுவலிக்காக வாங்கிய மெத்தையில் படுக்க விடவில்லை. ஒரு மாதச் சோதனை நாள் அதுபாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. விரதமோ ஒரு மாதத்தில் முடிகிற விஷயம் இல்லை.

"நீங்க மேல படுங்க. உங்களுக்கென்ன நேர்த்தியா?" என்றாள். சொன்ன தொனியில் படுக்கிற துணிச்சல் எந்தப் புருஷனுக்கும் வராது. நானும் ஒரு பாயை எடுத்துக் கதவோரம் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கம்பெனிக்குச் செய்தி அனுப்பினேன். அவர்கள் தரப்பில் பதில் போடுவது ஒரு சின்னப் பெண். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிவப்பு இருதயம் வைப்பாள். இங்கிலீஷும் மலாயும் கலந்து எழுதுவாள், என் மரமண்டைக்கும் புரியும். சோதனை மாதத்தைத் தைப்பூசத்துக்கு அப்புறம் தொடங்கலாமா என்று கேட்டேன். முடியாது அங்கிள், மெத்தை வந்த நாளிலிருந்துதான் கணக்கு என்று ஓர் இருதயம் வைத்தாள். விரதத்தை விளக்கிச் சொன்னேன். வெகுநேரம் யோசித்து, ஆன்ட்டி பகலில் மட்டும் படுத்துப் பார்க்கலாமே என்று எழுதினாள்.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். "ஏன், பகல்ல முருகன் தூங்கறாராமா?" என்றாள்.

அந்தப் பெண்ணும் சளைக்கவில்லை. ஆன்ட்டியைப் போலவே உடல்வாகு உள்ள யாராவது படுத்துப் பார்த்துச் சொல்லலாமே அங்கிள் என்று எழுதினாள். அந்த யோசனை மனைவிக்குப் பிடித்துப்போனது. அவளுக்கு ஒரு தங்கை, சுங்கை பாக்காப்பில். ஒரே உயரம், ஒரே பருமன், பின்னாலிருந்து பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். அவளுக்கும் இடுப்புவலி உண்டு. "அவ ஒடம்பும் என் ஒடம்பும் ஒரே அச்சு. ஒரு ராத்திரி வந்து படுக்கச் சொல்லுவோம்" என்றாள்.

கொழுந்தியாள் தன் தலையணையோடு வந்து சேர்ந்தாள். ஒரு ராத்திரிக்கு வந்தவள் பையில் பத்து நாளைக்கு உடுப்பு இருந்ததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நேராக அறைக்குள் போய் மெத்தையில் முகத்தை வைத்தவள், "அக்கா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள்.

மனைவி போய், மெத்தையைத் தொடாமல் குனிந்து மோந்து பார்த்தாள்.

"அம்மா சட்டை" என்றாள் தங்கை.

"ஆமா. வேலைக்காட்டுச் சட்டை."

"இந்த வாடையோட உள்ள வராத, குளிச்சிட்டு வான்னு அப்பா வாசல்லயே நிறுத்துவாரு. இந்த நாத்தத்துக்கா அத்தான் இவ்வளவு வெள்ளி எண்ணிக் குடுத்து வாங்கினீங்க? கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பமே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் இருவரும் மறுபடி குனிந்து மோந்து பார்த்தார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது மாதிரி அறைவாசலில் உட்கார்ந்திருந்தோம். கொழுந்தியாள் வெயில் ஏறின பிறகு எழுந்து வந்தாள்.

"எப்படிடி இருக்கு?"

"ஒரு ராத்திரியில என்னக்கா சொல்ல முடியும்?"

மறுநாளும் அதையே சொன்னாள். அடுத்த நாளும் அதையே. மெத்தை நன்றாக இல்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டும். நன்றாக இருக்கிறது என்றாலும் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் அவள் நீதிபதி மாதிரி தீர்ப்பை ஒத்திவைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே கஷ்டம் சாப்பாடு. விரத வீட்டில் தினமும் சாம்பார், ரசம், கீரை. மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காதவள் அவள். மத்தியானம் கீழே கடைக்குப் போய்வருகிறேன் என்று போவாள். வரும்போது வாய் கொப்பளித்து, முகம் கழுவி, ஒரு வெற்றிலையும் போட்டுக்கொண்டு வருவாள்.

"என்ன மீனு?" என்பாள் மனைவி, தலை நிமிராமல்.

"எந்த மீனு?"

"வெத்தலை போட்டா எனக்குத் தெரியாதா? குளிச்சிட்டு உள்ள வா."

அப்படியும் அவள் ஊருக்குப் போகவில்லை. மீனை விட மெத்தைதான் பெரிது என்று அவள் வாயால் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. இதை எழுதி அனுப்பினாலே போதும், கம்பெனிக்கு வேறு விளம்பரம் வேண்டாம்.

ஆனால் விடியலில் விழித்துப் பார்ப்பேன். யாருக்காக மெத்தை வாங்கினேனோ அவள் கீழே தரையில், கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து எழுந்து நிற்கப் பார்ப்பாள். சோதிக்க வந்தவள் மேலே குறட்டை. மனைவி ஒரு நாளும் முனகவில்லை. முனகாததுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வட்டாரக் கோயில் குருக்களிடம் போய்ச் சொன்னேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். உடம்புக்கு முடியாதவா கட்டில்ல படுத்துக்கலாம், தோஷமே இல்லை, பகவான் கோவிச்சுக்க மாட்டார் என்று சொன்னார். பிரசாதத்தை விட அந்த வார்த்தையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

மனைவி முழுதாகக் கேட்டாள். "குருக்கள் சொல்லுவாரு. முருகன்கிட்ட வார்த்தை குடுத்தது நானா, குருக்களா?"

"உனக்கு வலிக்குதே."

"வலிக்குதுன்னுதானே போறேன்."

நான் போய் அவளுடைய பாயை உதறி விரித்தேன்.

ஒரு மாதம் முடிகிற நாள், பொங்கலுக்கு முதல் நாளாக வந்து விடிந்தது. வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று அன்றைக்குள் சொல்லியாக வேண்டும். படுக்க வேண்டியவள் ஒரு விரல் கூட வைக்கவில்லை. தப்பான மெத்தையை வைத்துக்கொண்டால் அவள் மறுபடி சோபாவுக்குத்தான் போவாள். சரியான மெத்தையைத் திருப்பி அனுப்பிவிட்டாலும் சோபாதான். மகளைக் கேட்டால், "அம்மாவக் கேளுங்கப்பா." அம்மாவைக் கேட்டால், "படுத்தவளைக் கேளுங்க." படுத்தவளைக் கேட்டேன். வேறு வழியில்லாமல் அன்றைக்குத்தான் கொழுந்தியாள் தீர்ப்புச் சொன்னாள்.

"எனக்குன்னா சரியா இருக்கு அத்தான். அக்காவுக்கு எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டுப் பொங்கலுக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்று தலையணையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கோயிலுக்குப் போய், பூ வைத்துக் கேட்க வேண்டும் என்று குருக்களிடம் சொன்னேன். சிவப்பு ஒன்று வெள்ளை ஒன்றாக இரண்டு பொட்டலம் கட்டிச் சந்நிதியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. குருக்கள் வாழையிலையைக் கிழித்துக்கொண்டே, "பொண்ணுக்கு வரன் வந்திருக்கோ?" என்றார்.

"இல்லைங்க சாமி. மெத்தை."

கிழித்த இலையோடு என்னைப் பார்த்தார். முழுக்கதையும் சொன்னேன். சிவப்பு வந்தால் வைத்துக்கொள்வது, வெள்ளை வந்தால் அனுப்பிவிடுவது என்றேன். அவர் இரண்டையும் கட்டி வைத்தார், தீபம் காட்டினார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதை நான் கேலிக்காக எழுதவில்லை. இவள் தூங்க வேண்டும் ஐயா, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று கேட்டேன். பிரித்தால் சிவப்பு.

விபூதி கொடுக்கும்போது குருக்கள் குனிந்து, "அது மெதுவா, கெட்டியா?" என்றார்.

"நடுத்தரம் சாமி."

"எனக்கும் நின்னு நின்னு இடுப்பு விட்டுப்போறது. அந்த லிங்க்கை எனக்கும் அனுப்பிவையுங்கோ."

கோயில் வாசலிலேயே நின்று செய்தி அனுப்பினேன். வைத்துக்கொள்கிறோம்.

ஆன்ட்டிக்குப் பிடித்திருக்கிறதா அங்கிள் என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஆன்ட்டி இன்னும் படுக்கவில்லை.

அப்படியென்றால் யார் முடிவு செய்தது?

முருகன் என்று எழுதினேன். அவள் எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள் என்று போன் காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில், அவருக்கும் எங்கள் நன்றியைச் சொல்லிவிடுங்கள் அங்கிள் என்று வந்தது. இருதயம் இல்லை. கும்பிடுகிற கை இருந்தது.

தைப்பூசத்தன்று பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் படியேறினாள். பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள், தலையில் குடம் இருக்கும்போது எவ்வளவு ஆட்ட முடியுமோ அவ்வளவு. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். நானும் நின்றேன். பின்னால் வந்தவர்களும் முகம் சுளிக்காமல் நின்றார்கள். அரோகரா சத்தத்தில் அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை, முதுகை மட்டும் பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படுப்பாள் என்று விடியலிலேயே புது விரிப்பு போட்டு வைத்திருந்தேன். அவள் பார்த்தாள். "இடும்பன் பூசை முடியட்டும்" என்று பாயை எடுத்தாள். தைப்பூசம் முடிந்த கையோடு அந்தப் பூசையும் போட்டால்தான் எங்களுக்கு விரதம் பூர்த்தி. அதுவரை அந்த விரிப்பு சுருங்காமல் கிடந்தது.

இடும்பன் பூசையும் நல்லபடியாக முடிந்தது. படையல் போட்டு, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு, மத்தியானம் அவள் அறைக்குள் போனாள். முதலில் கடையில் உட்கார்ந்த மாதிரியே விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு கையை ஊன்றி மெள்ளச் சாய்ந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"நீங்க நின்னு பாத்தா எப்படிப் படுக்கிறது?" என்றாள். கூடத்துக்கு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் போன் பண்ணினாள். "அம்மா என்ன சொல்றாங்க?" இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். கொழுந்தியாள் போன் பண்ணினாள். அவளிடமும் அதையே சொன்னேன். எட்டிப் பார்த்தேன். இரண்டு காலையும் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, கை ஒரு பக்கம் கிடக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து, அப்புறம் போய்விட்டது. விளக்கு வைக்கிற நேரம் வந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த நேரத்துக்கு அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்ப மனசு வரவில்லை. நானே முகம் கழுவி, விளக்கேற்றி, மணியை அடிக்காமல் கும்பிட்டேன்.

இருட்டிய பிறகு அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். கன்னத்தில் விரிப்பின் மடிப்பு பதிந்திருந்தது. விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்களா ஏத்தினீங்க?"

"ஆமா. மெத்தை எப்படி இருக்கு?"

சோபாவில் உட்கார்ந்து யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியலைங்க. தூங்கிட்டேன்" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். அவளுக்குத் தூக்கம் வந்தது மெத்தையாலா, விரதத்தாலா, மலையேறின களைப்பாலா, எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இடுப்புவலி இன்றைக்கும் மழை பெய்தால் எட்டிப் பார்க்கிறது, ஆனால் இப்போதெல்லாம் படுத்துத்தான் தூங்குகிறாள். இதைப் படித்தவர்கள் தயவுசெய்து வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள், அனுப்புங்கள். கனவு எதையும் சேர்க்க வேண்டாம், கம்பெனி பெயரைக் கேட்க வேண்டாம், கொழுந்தியாளின் மீனை அவள் கேட்டுக்கொண்டாலும் எடுத்துவிட வேண்டாம். எழுதியிருப்பது எழுதியபடியே போகட்டும். அவள் எழுந்து வந்து சொன்ன அந்த இரண்டு வார்த்தையைத் தொடாமல் அப்படியே சொல்லிவிடுங்கள், முருகன் பேரால் கேட்டுக்கொள்கிறேன்.